மூன்று மாதம், மிஞ்சினால் நான்கு

எழுபதுகளின் பிற்பாதியில் ஆரணியில் நான் தனியாகக் கிளினிக் நடத்திக்கொண்டிருந்தேன். பட்டுத்தறிக்காரர்கள் குடியிருந்த தெருவின் முனையில் இரண்டே அறைகள். முன்னறையில் நோயாளிகள் காத்திருப்பார்கள், உள்ளறையில் நான் பார்ப்பேன். ஈ.சி.ஜி. எடுக்க வேண்டுமென்றால்கூட வேலூருக்குத்தான் அனுப்ப வேண்டும். காதையும் கையையும் நம்பித்தான் வைத்தியம்.

ஒரு நாள் காலை, மரநாற்காலி ஒன்றில் உட்கார்ந்தபடியே ஒரு மூதாட்டியைத் தூக்கி வந்தார்கள். ஒரு பக்கம் அந்த அம்மாளின் பக்கத்து வீட்டு நெசவாளி. மறுபக்கம் பிடித்திருந்தவர் மகள். மகளுக்கே தலை முழுக்க நரைத்திருந்தது. நாற்காலியை இறக்கி வைத்ததும் சுவரில் சாய்ந்துகொண்டு வெகுநேரம் மூச்சு வாங்கினார். அதை நான் பார்த்தேன். பார்த்தேன் என்பது இப்போதும் நினைவிருக்கிறது.

சமணக் குடும்பம். வெம்பாக்கம் பக்கத்தில் நிலம் இருந்தது, மகன் அங்கே விவசாயம் பார்த்தார். கணவரை இழந்த மகள் ஆரணியில் இருந்தார். தாய் அவரோடு வந்து பல வருடங்கள் ஆகியிருந்தன. தாயின் வயது எண்பத்தேழு என்றார் மகள்.

வலது காலின் பெருவிரல் கருத்து, காய்ந்த பழத்தோல் போலச் சுருங்கியிருந்தது. பாதம் சில்லென்றிருந்தது. பாதத்தின் மேல் விரல் வைத்து நாடியைத் தேடினேன், இல்லை. கணுக்காலிலும் முழங்காலின் பின்புறத்திலும்கூட இல்லை. தொடையிடுக்கில் மட்டும் மெல்லிதாக ஒரு துடிப்பு. காலுக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்துப்போயிருந்தது. சிறுநீரை நீலக் கரைசலோடு கொதிக்கவைத்துப் பார்த்தேன், சர்க்கரை இல்லை. ரத்த அழுத்தம் அதிகம். நுரையீரலின் அடியில் லேசான கரகரப்பு.

"படுத்தா நெருப்பு வச்ச மாதிரி எரியுது. கட்டில வுட்டு காலத் தொங்கப் போட்டாத்தான் கொஞ்சம் தேவல" என்றார் தாய். குரல் கணீரென்றிருந்தது.

நான் மகளை மட்டும் உள்ளறைக்குக் கூப்பிட்டேன். அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் செய்தோம். நோயாளி வெளியே, பேச்சு உள்ளே.

"வேலூருக்குப் போனா காலை எடுக்கணும்னுதான் சொல்வாங்க. இந்த வயசுக்கு மயக்க மருந்து தாங்காது. மேசையிலயே உயிர் போயிடலாம்."

"எடுக்கலன்னா?"

"வீட்டுலயே வச்சிப் பாத்துக்கலாம். நான் வந்து கட்டுப் போடறேன். ஆனா கறுப்பு மேல ஏறிகினே வரும்."

"எவ்ளோ நாளு டாக்டரம்மா?"

அந்தக் கேள்விக்குத் தெரியாது என்று சொல்ல எனக்கு அப்போது வராது. நான் படித்த புத்தகத்தில் ஓர் அட்டவணை உண்டு. எந்த வயதில், எந்த நோயோடு வந்தால், அறுவைக்கு எவ்வளவு ஆபத்து என்று. அதில் எண்பதுக்கு மேல் வரியே கிடையாது. வரி இல்லாத இடத்தை நானே நிரப்பிக்கொண்டேன்.

"மூணு மாசம். மிஞ்சினா நாலு."

மகள் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார். பிறகு, "அவ்ளோதானே, தாங்கிடலாம்" என்றார்.

தாயைத்தான் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து வாரத்துக்கு இரண்டு முறை அவர்கள் வீட்டுக்குப் போனேன். மூன்று படி ஏறினால் கூடம். அங்கே வாசலைப் பார்த்தாற்போல் கட்டில். பக்கத்து வீட்டுத் தறியின் சத்தம் சுவர் வழியாக வந்துகொண்டே இருக்கும். செத்த தோலைக் கத்தரித்து, மருந்து வைத்து, தளர்வாகத் துணி சுற்றுவேன். மகள் வெந்நீர் கொண்டுவருவார், பழைய துணியை எடுத்துப்போய்த் துவைப்பார், தாயைத் தூக்கிக் கொல்லைப்புறம் அழைத்துப்போவார், குளிப்பாட்டுவார், மறுபடி தூக்கிக்கொண்டுவந்து உட்காரவைப்பார். ஒரு நாளைக்கு எத்தனை முறை தூக்கினார் என்று நான் ஒருபோதும் கேட்டதில்லை.

இன்னொரு சிக்கல் இருந்தது. சமண விரதப்படி, பொழுது சாய்ந்தபின் தாய் எதுவும் வாயில் வைக்க மாட்டார். சோறு மட்டுமல்ல, தண்ணீரும் கிடையாது. வலி மாத்திரையைச் சூரியன் மறைவதற்குள் போட்டாக வேண்டும். இந்த நோயிலோ வலி ஏறுவதே படுத்த பிறகுதான். மாத்திரையின் வேகம் பாதி ராத்திரிக்கு முன்பே தீர்ந்துபோகும். பிறகு விடியும்வரை தாய் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருப்பார். அவர் சரிந்து விழாமல் மகள் முதுகோடு முதுகு கொடுத்து உட்கார்ந்திருப்பார்.

"மருந்துதானேம்மா, அதுக்கு விலக்கு இல்லியா?" என்று ஒரு முறை கேட்டேன்.

"எம்பத்தேழு வருசம் வச்சிகினு இருந்தத ஒரு காலுக்காக வுடச் சொல்றீங்களா?" என்றார் தாய். கோபமில்லை. உண்மையிலேயே என்னைக் கேட்டார்.

அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். இப்படிப் பதில் சொல்கிற உடம்பு நான்கு மாதத்தில் முடிகிற உடம்பு அல்ல. காலையில் மூன்று இட்லி சாப்பிட்டார். எந்த மாத்திரை எத்தனை பாக்கி என்று என்னைவிடச் சரியாகச் சொன்னார். கட்டிலின் சட்டத்தைப் பிடித்து நகர்ந்து உட்கார்ந்தார். இதையெல்லாம் கண்ணால் பார்த்தேன், ஆபத்தைக் கணிக்கும்போது எதையும் சேர்க்கவில்லை. எண்பத்தேழு என்ற வயதும் கறுத்த விரலும் எனக்குப் போதுமானவையாக இருந்தன.

நான்காம் மாதம் போயிற்று. விரல் தானாகவே உதிர்ந்தது, கறுப்பு அடுத்த விரலுக்கு நகர்ந்தது. ஆறாம் மாதம் பாதத்தின் பாதி வரை வந்து நின்றது.

அந்தச் சமயத்தில்தான் ஒரு நாள், கட்டுப் போட்டு முடித்துக் கை கழுவும்போது, மகள் மெல்லச் சொன்னார். "எனக்கும் ஒரு நாளு பாத்துடுங்க டாக்டரம்மா. படி ஏறினா நெஞ்சப் புடிச்சிக்குது."

"நாளைக்குக் கிளினிக்குக்கு வாங்க."

"அம்மாவ வுட்டுட்டு எப்படிங்க வர்றது? சரி, அது கெடக்கட்டும். அம்மா காரியம் ஒண்ணு முடியட்டும், அப்பறம் என்னப் பாத்துக்கலாம்."

ஸ்டெதாஸ்கோப் என் கழுத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. கிளினிக்கில் ஆட்கள் காத்திருப்பார்கள் என்று பையை மூடிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

இன்னொரு நாள் வாசல் வரை கூடவே வந்து, தயங்கித் தயங்கிக் கேட்டார். "நாலு மாசம்னு சொன்னீங்களே. தப்பா நெனச்சிக்காதீங்க. அம்மா போவணும்னு கேக்கல. எவ்ளோ தூரம்னு தெரிஞ்சா அதுக்கேத்த மாதிரி நடக்கலாம்னுதான்." கேட்டுவிட்டு அழுதார். நான் தோளைத் தொட்டு, சில உடம்பு அப்படித்தான், சொல்ல முடியாது என்றேன். முதல் நாளே சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை.

பதினோராம் மாதம். மழைக்காலம் முடிந்து வெயில் அடித்துக்கொண்டிருந்த ஒரு முற்பகல். முன்னறை நிறைய ஆட்கள். பக்கத்து வீட்டு நெசவாளி ஓடிவந்தார். தோளில் துண்டுகூட இல்லை.

"ஜல்தி வாங்க டாக்டரம்மா!"

பையை எடுத்துக்கொண்டே கேட்டேன். "ஆயாவுக்கு மூச்சு இருக்கா?"

"ஆயாவுக்கு இல்லீங்க. பொண்ணுக்கு."

நான் போய்ச் சேர்ந்தபோது மகள் கட்டிலின் காலடியில் ஒருக்களித்துக் கிடந்தார். நாடி இல்லை. கண்மணி விரிந்துவிட்டது. செய்யத் தெரிந்ததையெல்லாம் செய்தேன், பயனில்லை என்று தெரிந்தும் செய்தேன். கட்டிலின் மேல், காலைத் தொங்கப்போட்டபடி, தாய் உட்கார்ந்திருந்தார். கீழே குனிந்து மகளைத் தொட அவரால் முடியவில்லை. கை நீட்டியபடியே இருந்தது. நெசவாளி அவரைத் தூக்கித் தரையில் மகளின் பக்கத்தில் உட்காரவைத்தார்.

"என்னத் தூக்கத்தான் குனிஞ்சா. அப்படியே குந்திட்டா" என்றார் தாய்.

மதியம் வெம்பாக்கத்திலிருந்து மகன் வந்தார். இறப்புச் சான்றிதழ் எழுத உட்கார்ந்தேன். வயது என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. பதினோரு மாதம், வாரத்துக்கு இரண்டு முறை பார்த்த பெண். மகனைத்தான் கேட்டேன். "அக்காவுக்கு அறுவத்தி நாலுங்க" என்றார்.

இனி தாயை யார் பார்ப்பது? மகன் நல்லவர்தான். ஆனால் நாளெல்லாம் வயலில் இருப்பவர், மனைவியும் உடம்பு முடியாதவர். தினமும் கட்டு மாற்றவும் தூக்கவும் ஆளில்லை. வேறு வழியின்றிதான் வேலூருக்குக் கொண்டுபோனோம். நானும் கூடப் போனேன். அங்கே என்னைவிட இருபது வயது மூத்த அறுவை மருத்துவர் ஒருவர். நான் எழுதிக்கொண்டுபோன குறிப்பில் வயதைப் பார்த்தார், காகிதத்தை மூடி வைத்தார். நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப்போட்டுத் தாயிடமே பேசினார்.

"காலைல என்ன சாப்பிட்டீங்கம்மா?"

"கஞ்சி. ரெண்டு டம்ளர்."

"நீங்களே எழுந்து உக்காருவீங்களா?"

தாய் கட்டிலின் கம்பியைப் பிடித்து எழுந்து உட்கார்ந்து காட்டினார்.

"இந்தக் கால் இருந்தா வலி நிக்காது. எடுத்தா நிக்கும். ஆனா எடுக்கறப்ப உயிருக்கு ஆபத்து உண்டு. நிச்சயமா இவ்ளோதான்னு என்னால சொல்ல முடியாது. உங்களுக்கு என்ன வேணும்?"

"வலி நின்னா போதும். உசுரு இருந்தாலும் சரி, போனாலும் சரி" என்றார் தாய்.

முழு மயக்கம் கொடுக்காமல், முதுகில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்து, முழங்காலுக்கு மேலே காலை எடுத்தார்கள். இரண்டாம் நாள் காய்ச்சல் வந்தது, நெஞ்சில் சளி கட்டியது. அவ்வளவுதான் என்று நான் மறுபடியும் நினைத்தேன், மறுபடியும் என் நினைப்பு பொய்யாயிற்று. பத்தாம் நாள் வார்டுக்குள் நுழைந்தபோது அவர் நீட்டிப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். அவர் படுத்துத் தூங்கி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அங்கேயே நின்று அழுதேன். சந்தோஷத்தில் என்று அருகில் இருந்த நர்ஸ் நினைத்திருக்க வேண்டும்.

இரண்டு மூன்று மாதம் கழித்து வெம்பாக்கம் பக்கம் போய் அவரைப் பார்த்தேன். களத்தைப் பார்த்த தாழ்வாரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். காயம் நன்றாக ஆறியிருந்தது. கொஞ்ச நேரம் ஊர்ப்பேச்சு பேசினோம். பிறகு, உரிப்பதை நிறுத்தாமலே கேட்டார்.

"இத அப்பவே செஞ்சிருக்கலாமா?"

இந்தக் கேள்வி வரும் என்று தெரிந்தேதான் போயிருந்தேன். பஸ்ஸில் பதில்கூட யோசித்து வைத்திருந்தேன். எண்பத்தேழு வயது, ரத்த அழுத்தம், நுரையீரல் என்று. அதையெல்லாம் விட்டுவிட்டேன்.

"செஞ்சிருக்கலாம்மா."

"நீங்களும் அவளும் உள்ள பேசிகினு இருந்தீங்க. நான் வெளிய குந்திகினு கேட்டுகினேதான் இருந்தேன். என்ன ஒரு வார்த்த யாரும் கேக்கல."

மன்னித்துவிடுங்கள் என்றேன். அவர் தலையாட்டினார். சரி என்றா, கேட்டுக்கொண்டேன் என்றா, எனக்குத் தெரியவில்லை. கிளம்பும்போது மகனைக் கூப்பிட்டு, "டாக்டரம்மாவ பஸ்ஸு ஏத்தி வுட்டுட்டு வா, வெயிலா இருக்குது" என்றார்.

அதன்பின் நான்கு வருடம் இருந்தார். எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு மழைக்காலத்தில் இரண்டே நாள் காய்ச்சலில் போய்விட்டதாக மகனிடமிருந்து கார்டு வந்தது.

முதல் மாதமே வேலூருக்கு அனுப்பியிருந்தால் தாய் மேசையிலேயே போயிருக்கலாம். மகளின் இதயம் எப்படியும் அந்த வருடமே நின்றிருக்கலாம். இப்படி எனக்கு நானே சொல்லிக்கொண்ட வருடங்கள் உண்டு. அது பொய்யும் அல்ல. ஆனால் தாயைப் பற்றி என் கிளினிக் நோட்டில் பதினேழு பக்கம் எழுதியிருந்தேன், மகளைப் பற்றி ஒரு வரி இல்லை. பிறகு வந்த வருடங்களில் யாரேனும் முதியவரைத் தூக்கிக்கொண்டு வந்தால், தூக்கி வந்தவருக்கு முதலில் ஒரு நாற்காலி போடச் சொல்வேன். எவ்வளவு நாள் என்று கேட்பவர்களிடம் தெரியாது என்று சொல்லப் பழகிக்கொண்டேன். சிலர் அதைக் கேட்டு வேறு டாக்டரிடம் போனார்கள்.