வாலில்லாத மீன்

மாலை ஐந்து நாற்பதுக்கு, லீசேயில் உயர்வகுப்பு முடிந்து வரவேண்டிய மகளின் கைப்பேசி அணைந்துவிட்டது. ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டிருந்த நான், அலமாரியில் கிடந்த உலர்ந்த சுரைக்காயை எப்போது கையில் எடுத்தேனென்று தெரியவில்லை.

முகர்ந்தால் அதில் இன்னும், சிறுவயதில் நாங்கள் இருந்த எபினே நகரில் ரயில் பாதையோரம் இருந்த காய்கறிப் பாத்திகளின் மண் மணம். இப்போது அங்கே கார் தரிப்பிடம். எங்கள் பாத்திக்கு அடுத்ததில் ஒரு சீனத்து மதாம், உட்புறம் மீன் வடிவம் குடைந்த இரண்டு பாதி மர அச்சுக்குள் சுரைப்பிஞ்சை வைத்துக் கம்பியால் கட்டிவிடுவார். காய் உள்ளே பருத்துப் பருத்து மீனாகும். கண்ணூறு படாமலிருக்கத்தான் மூடுகிறார் என்று அம்மா நம்பினார். "சுட்டுவிரலை நீட்டாதை, பிஞ்சு அழுகிப்போம்" என்று என் கையில் தட்டுவார். நான் ஒருநாள் மறந்து நீட்டிவிட்டேன். அதன்பின் தினமும் பள்ளி விட்டதும் அச்சை முகர்ந்து பார்த்தேன். பொறுக்க முடியாமல் கடைசியில் கம்பியை அவிழ்த்தேன். காய்க்கு ஒன்றுமில்லை. தலையும் செதிலும் பதிந்திருந்தன, வால் மட்டும் இன்னும் வரவில்லை. திரும்ப மூடினேன், அச்சு பொருந்தவில்லை. மதாம் ஏசவில்லை, அதை வாலில்லாமலே முற்றவிட்டு, காயவைத்து, எனக்கே தந்தார்.

ஏழரைக்குக் கதவு திறந்தது. மகள்தான்.

"பப்பா, போனிலை சார்ஜ் இல்லை, மெத்ரோவும் நிண்டிட்டுது, நடந்து வாறன்." என் முகத்தையும் கையிலிருந்த காயையும் பார்த்தாள். "பொலிஸுக்கும் அடிச்சாச்சோ? கொஞ்சம் பொறுத்தா வந்திடுவன்தானே."