ஐஸ் கம்பெனியின் பங்குதாரர்

கடப்பாக்கம் பக்கம் ஐஸ் கம்பெனி தொடங்கியபோது மீனவர்களும் எங்களைப் போன்ற விவசாயக் குடும்பங்களும் ஆளுக்குக் கொஞ்சம் பங்கு வாங்கினோம். எங்கள் வீட்டுப் பங்கு என் மனைவி பெயரில். பால் ஊற்றிச் சேர்த்த பணம். நான் படாளத்தில் மினி வேன் ஓட்டுகிறவன். பங்குச் சமாச்சாரமெல்லாம் அவளோடு சரி.

போன வருஷம் ஒரு பெரிய கம்பெனி எங்கள் கம்பெனியைத் தன்னோடு இணைத்துக்கொள்ள முன்வந்தது. எங்கள் பங்குக்குப் பதிலாக அவர்கள் பங்கு எத்தனை கிடைக்கும் என்பதை மதிப்பீட்டாளர் சொல்வார், அதன்பிறகு நாங்கள் ஓட்டுப் போடவேண்டும் என்றார்கள். மாதக்கணக்கில் காத்திருந்தோம். நடுவில் ஒரு தரகர் வந்து, பங்கைக் கொடுத்தால் உடனே பணம் என்றார். வேனுக்கு டயர் மாற்றவேண்டிய நேரம். எனக்குச் சபலம் தட்டியது.

“குடுத்துட்டு நிம்மதியா இருக்கலாமே,” என்றேன்.

“நீ கம்முனு இருய்யா. வெல இன்னான்னே தெரியாம எவனாவது மாட்ட விப்பானா?”

மதிப்பீட்டாளரின் அறிக்கை ஆங்கிலத்தில் வந்தது. கேளம்பாக்கத்தில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற என்ஜினீயர் ஒருவரும் எங்களைப் போலச் சின்னப் பங்குதாரர்தான். அவர் வீட்டுக்குப் போனோம். வரிவரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தவர் ஓர் இடத்தில் நிறுத்தினார்.

“ஐஸ் பிளான்ட் நிலத்தை அன்னிக்கு வாங்கின விலைக்கே போட்டிருக்காங்கம்மா.”

“அந்த வெலைக்கு இன்னிக்கு பீச் ரோட்டுல யார் சார் குடுப்பா?”

“அதான் நம்ம பங்குக்குக் குறைச்சலா வருது. கூட்டத்துல கேளுங்க. நானும் உங்களோட எழுந்து நிக்கறேன்.”

செங்கல்பட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம். மேடையில் கோட்டுப் போட்டவர்கள். நான் பின்வரிசையில் இருந்தேன். அவள் எழுந்து போய் மைக்கை வாங்கினாள். என்ஜினீயர் சொன்னபடியே அவள் பக்கத்தில் நின்றார்.

“நாங்க வாணாம்னு சொல்லல சார். நெலத்துக்கு இன்னிக்கு வெலய போட்டுக்கினு வாங்க. அப்பால ஓட்டு போடறோம்.”

முன்வரிசையில் இருந்த மீனவப் பெண்கள்தான் முதலில் கை தட்டினார்கள். பிறகு மண்டபமே தட்டியது. ஓட்டெடுப்பு முடிந்து சீட்டுகளை எண்ணியபோது இணைப்புக்குத் தேவையான ஆதரவு கிடைக்கவில்லை. மேடையில் இருந்த கம்பெனித் தலைவரின் முகம் சுருங்கியது.

அதன்பின் மறுபடி காத்திருப்பு. “உன் பொஞ்சாதியால வர இருந்த காசும் பூடுச்சே,” என்று டீக்கடையில் ஒருவன் சொன்னான். டீயைப் பாதியில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். அவளோ வழக்கம்போல மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தாள்.

நான்கைந்து மாதத்தில் புது மதிப்பீடு வந்தது. நிலத்துக்கு இன்றைய விலை. எங்கள் பங்குக்குக் கிடைக்கும் அவர்கள் பங்கு முன்பு சொன்னதைவிட நன்றாகவே கூட இருந்தது. மறுகூட்டத்தில் அவளே முதல் ஆளாகப் போய் ஆதரவுச் சீட்டுப் போட்டாள். இணைப்பு நிறைவேறியது.

வெளியே வரும்போது கடப்பாக்கத்துப் பெரியவர் ஒருவர் என்னை மறித்தார். “நீதான் அந்தம்மா வூட்டுக்காரரா?”

“ஆமா,” என்றேன். என் குரல் எனக்கே கொஞ்சம் சத்தமாகக் கேட்டது.