ஒரு பக்கம் பட்ட குண்டு

முதலில் சிறுநீர் கறுப்புத் தேநீர் நிறத்தில் போனது. அன்று திங்கட்கிழமை. கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். மனுக் கொடுக்க வருகிறவர்கள் திங்கட்கிழமை வாசல்வரை நிற்பார்கள். தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்ததால் வந்த சூடு என்று நினைத்து இளநீர் வாங்கிக் குடித்தேன். சாயங்காலம் இடது விலாவுக்குப் பின்னால் வலி பிடித்தது. நாற்காலியைவிட்டு எழ முடியவில்லை.

என் கணவர் ஆட்டோ பிடித்துத் திண்டுக்கல்லிலேயே ஒரு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனார். ரத்த அழுத்தம் பார்த்த நர்ஸ் என் முகத்தைப் பார்த்துவிட்டு இன்னொரு முறை பார்த்தார். ஸ்கேன் எடுத்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய, ரத்தத்தில் தேங்கும் கழிவு) இருக்க வேண்டியதைவிடப் பல மடங்கு இருந்தது.

"வீட்ல யாருக்காவது கிட்னி கோளாறு இருந்திருக்காம்மா?" என்று டாக்டர் கேட்டார். என் வயதுதான் இருக்கும் அவருக்கு.

"எங்கப்பாவுக்கு ரெண்டு கிட்னியும் போயிருச்சு மேடம். ஆனா அது நோய் இல்ல. அவரு மிலிட்டரி. போர்ல குண்டுச்சில்லு பட்டது."

"எந்தப் பக்கம் பட்டுச்சு?"

"எடது பக்கம்."

"அப்ப வலது கிட்னி எப்படிப் போச்சு?"

இத்தனை வருடத்தில் எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கும் இந்தக் கேள்வி தோன்றியதில்லை. அல்லது தோன்றாமல் பார்த்துக்கொள்ளப்பட்டது.

வடமதுரைப் பக்கம் எங்கள் ஊரில் நான் இன்றைக்கும் பட்டாளத்தார் மகள்தான். அப்பா எழுபத்தொன்றில் நடந்த பாகிஸ்தான் போரில் காயம்பட்டு வந்தவர். தழும்பு முதுகில் இருந்தது. ஆனால் அம்மா விலா என்றுதான் சொல்வாள். முதுகு என்று சொன்னால் புறமுதுகு காட்டி ஓடியவர் என்று நினைத்துவிடுவார்களாம். ஐம்பது தாண்டியதும் அப்பாவின் உடம்பு வீங்கியது, மூச்சு வாங்கியது, போய்ச் சேர்ந்தார். அந்தக் குண்டுதான் உள்ளேயே இருந்து தின்றுவிட்டது என்றார்கள். என் தம்பி ஒவ்வொரு சுதந்திர தினத்துக்கும் பள்ளிக்கூடத்தில் கொடியேற்றிவிட்டு மைக்கில் முழங்குவான்: "எங்கப்பா நாட்டுக்காக ரெண்டு கிட்னியையும் குடுத்தவரு." பிள்ளைகள் கைதட்டும்.

குஜிலியம்பாறையில் கட்டிக்கொடுத்திருந்த என் அத்தை, அப்பாவின் கூடப்பிறந்தவர், மூன்று வருடம் கழித்து அதே மாதிரி வீங்கிச் செத்தார். அண்ணன் போன ஏக்கம் என்று அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தார்கள். ஏக்கத்தில் எந்த ஊரில் கால் வீங்கும்?

எனக்கு வந்திருப்பது பாலிசிஸ்டிக் கிட்னி (இரண்டு சிறுநீரகங்களிலும் நீர்க்கட்டிகள் பெருகி அவற்றைச் செயலிழக்க வைக்கும் பரம்பரை நோய்). பெற்றவர்களில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. சின்ன வயதிலேயே கண்டுபிடித்து ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைத்தால் பலருக்குச் சிறுநீரகம் கெடுவதைத் தள்ளிப்போடலாம். இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். மற்றதெல்லாம் என் கோபம்.

ஊருக்குப் போய் அம்மாவிடம் கேட்டேன். அவள் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அப்பாவுக்கு என்ன நோய்னு உனக்குத் தெரியுமா?"

அரிவாள்மனையைவிட்டு நிமிரவில்லை. "மிலிட்டரி ஆஸ்பத்திரில அந்த டாக்டரு சொன்னாரு. வம்சத்துல வாரதுன்னு. பிள்ளைகளையும் பாக்கச் சொன்னாரு."

"ஏம்மா சொல்லல?"

"நீ அப்ப கல்யாணத்துக்கு நின்ன. சொல்லியிருந்தா எவன் கட்டுவான் உன்னய?"

"கட்டுனதுக்கு அப்புறம்?"

"அப்புறம் சொல்லி வாழவெட்டியா வந்து நிக்கவா?"

என் மகள் வயிற்றில் இருந்தபோது ரத்த அழுத்தம் ஏறி ஆஸ்பத்திரியில் கிடந்தேன். வீட்டில் யாருக்காவது பிரஷர், கிட்னி உண்டா என்று நர்ஸ் கேட்டபோது அம்மா என் தலைமாட்டில்தான் உட்கார்ந்திருந்தாள். "எங்க வீட்ல ஒருத்தருக்கும் இல்லம்மா" என்று பளிச்சென்று சொன்னாள். அந்தக் குரல் எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. அன்றைக்கு உண்மையைச் சொல்லியிருந்தால் என் மாத்திரை அன்றைக்கே ஆரம்பித்திருக்கும்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இடது கையில் ஃபிஸ்டுலா (ரத்தக்குழாய்கள் இரண்டை இணைத்துத் தடிக்க வைக்கும் சிறு அறுவை) போட்டார்கள். சில மாதத்தில் டயாலிசிஸ் (இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்வது) தொடங்கியது. வாரத்துக்கு மூன்று முறை. தண்ணீரை அளந்து குடிக்க வேண்டும். பிரியாணிக் கடைகள் நிறைந்த ஊரில் உப்பில்லாச் சோறு தின்பவளுக்குக் கோபம் வராமல் என்ன வரும்? டயாலிசிஸ் முடிந்து வரும்போது பிழிந்து போட்ட துணி மாதிரி இருக்கும். நாள் போகப் போகப் பழகும் என்றார்கள். பழகியது உடம்புக்குத்தான்.

தம்பியிடம் ஸ்கேன் எடுக்கச் சொன்னேன். "அப்பா பேரக் கெடுக்காதக்கா" என்றான். அவனுக்கு அடிக்கடி தலைவலி வரும். டீ குடித்தால் போய்விடுமாம்.

அப்பாவின் திதி வந்தது. எங்கள் வீட்டில் அன்றைக்கு ராணுவக் கேன்டீன் ரம்மும் ஆட்டுக்கறியும் படைப்போம், அவருக்குப் பிடித்தது. சொந்தக்காரர்கள் கூடுவார்கள். படையல் முடிந்ததும் தம்பி பிள்ளைகளை உட்காரவைத்துக் குண்டுக் கதை சொல்வது வழக்கம். அன்றும் ஆரம்பித்தான். என் மகள் கயல், கல்லூரியில் இரண்டாம் வருடம், சுவரோரம் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளிடம் எனக்குக் கிட்னிக் கோளாறு என்று மட்டும் சொல்லியிருந்தோம். பரீட்சை முடியட்டும் என்பது என் கணவரின் பேச்சு. கல்யாணம் முடியட்டும் என்பது அம்மாவின் பேச்சு.

"குண்டு ஒரு பக்கந்தானடா பட்டுச்சு?" என்றேன். "ரெண்டு கிட்னியும் எப்படிப் போச்சு?"

தம்பி பிள்ளைகளை எழுப்பி வெளியே அனுப்பப் பார்த்தான்.

"அத்தைக்கு எந்தப் போர்ல பட்டுச்சு? எனக்கு எங்க பட்டுச்சு?"

"படையல் போட்ட வீட்ல என்ன பேச்சு பேசுற?" அம்மா எழுந்து வந்தாள். "வயசுப் பிள்ளை உக்காந்திருக்கு."

"அதுக்குத்தான் பேசுறேன். இது எங்க தாத்தா பாட்டியில ஒருத்தரு வழியா எங்கப்பாவுக்கும் அத்தைக்கும் வந்து, அப்பாகிட்ட இருந்து எனக்கு வந்தது. இங்க அந்த ரத்தம் ஓடுற எல்லாரும் போய்ப் பாருங்க. குண்டு மேல பழியப் போட்டது போதும்."

ஒருவரும் சாப்பிடவில்லை. சித்தப்பா செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். என்னைப் பைத்தியம் என்றும், சீக்குக்காரி வயிற்றெரிச்சலில் பேசுகிறாள் என்றும் ஊரில் சொன்னார்களாம். வயிற்றெரிச்சல்தான். மறுக்கவில்லை.

திண்டுக்கல் பஸ்ஸில் கயல் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். டிக்கெட்டை மடித்து மடித்துச் சின்னதாக்கினாள். பிறகு, "நாளைக்கு என்னயக் கூட்டிட்டுப் போங்கம்மா" என்றாள்.

ஸ்கேன் அறையில் அவள் வயிற்றில் பசை தடவினார்கள். திரையில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. டாக்டருக்குப் புரிந்தது. இரண்டு பக்கமும் கட்டிகள். சின்னவை.

அவள் அழவில்லை. வயிற்றில் இருந்த பசையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"ரத்தத்துல இப்ப ஒரு மாத்தமும் இல்ல. பிரஷர் லேசா இருக்கு. இன்னைக்கே மாத்திரை ஆரம்பிச்சிரலாம்" என்றார் டாக்டர். "உப்பக் கொறைக்கணும். தண்ணி நல்லாக் குடிக்கணும். வருஷா வருஷம் பாக்கணும். உங்களுக்கு வந்த நெலம இவங்களுக்கு வராமலே போகலாம், வந்தாலும் ரொம்ப வருஷம் தள்ளிப்போகும்."

வெளியே வந்ததும் கயல், "பொண்ணு பாக்க எவனாவது வந்தா நானே சொல்லிக்கிறேன். நீங்களும் அம்மாச்சியும் வாயத் திறக்க வேணாம்" என்றாள். அந்தக் குரலில் என் கோபம் இருந்தது. சந்தோஷமாக இருந்தது எனக்கு.

இப்போது என் உடம்பு என்னிடம் பொய் சொல்வதில்லை. காலில் விரலை அழுத்தினால் குழி விழுந்து நிற்கிறது. எவ்வளவு தண்ணீர் கூடுதலாகக் குடித்தேன் என்று அதிலேயே தெரிந்துவிடும். என் காலம் ஒரு டயாலிசிஸிலிருந்து அடுத்த டயாலிசிஸ் வரைதான். அதற்கு மேல் நான் திட்டம் போடுவதில்லை. கயல் காலையில் என் எதிரே நின்று அந்தச் சின்ன மாத்திரையைப் போட்டுக்கொண்டு கல்லூரிக்கு ஓடுகிறாள். டாக்டர் சொன்ன அந்த ரொம்ப வருஷம் என்னுடையது. அம்மா எனக்குத் தராமல் வைத்துக்கொண்டது. அதை என் மகள் வாழட்டும். அம்மாவை நான் மன்னிக்கவில்லை.