எடை பார்க்கும் நாளில் நாங்கள் செய்த திருட்டுத்தனம்

மூன்று வருஷத்துக்கு முன்பு, ஓசூரில் நான் முதல் குழந்தையைச் சுமந்துகொண்டிருந்த சமயம். நானும் கணவரும் ஆளுக்கொரு கம்பெனியில் வேலை. எனக்கு நாள் முழுக்க உட்கார்ந்தே செய்கிற பேக்கிங் வேலை. போதாததற்கு, கிருஷ்ணகிரியிலிருந்து வாராவாரம் அம்மா பஸ் ஏறி வந்து நெய்யும் பலகாரமுமாக இறக்கிவிட்டுப் போவார். ஐந்தாம் மாதத்தில் மட்டும் நான்கு கிலோ ஏறிவிட்டேன்.

"இப்படியே ஏறினா பிரஷர், சுகர் எல்லாம் வந்துரும். ரெண்டு பேருக்குச் சேத்து சாப்புடணும்னு உனக்கு யாரும்மா சொன்னது?" என்று சுகாதார நிலையத்தில் நர்ஸ் எல்லோர் முன்னாலும் கேட்டார். எனக்கு மானமே போனது போலிருந்தது. சாப்பாட்டை மாற்றியிருக்கலாம். நானோ, பரிசோதனைக்கு முந்தின நாள் மத்தியானத்தோடு சாப்பிடுவதை நிறுத்திவிடுவேன். எடை பார்க்கும் முன் கழிவறைப் பக்கம் போய் வளையல், கொலுசு எல்லாவற்றையும் கழற்றிப் பையில் போட்டுக்கொள்வேன். மறுநாளிலிருந்து பழைய கதைதான்.

அந்தக் கழிவறைப் பக்கத்தில்தான் அவளைப் பார்த்தேன். கெலவரப்பள்ளி அணைக்குப் பக்கத்துக் கிராமம், வீட்டில் தெலுங்கு பேசுகிற விவசாயக் குடும்பம். அவளுக்கும் முதல் பிரசவம். இடுப்பில் ஒரு துணி முடிச்சைச் செருகிக்கொண்டிருந்தாள். என்னவென்று பார்த்தால், காய் நிறுக்கிற அரைக்கிலோ எடைக்கல்!

"யாருகிட்டயும் சொல்லிராதக்கா. எனக்கு எடையே ஏற மாட்டேங்குது. இந்த மாசமும் ஏறலன்னா பெரியாஸ்பத்திரில படுக்கணுமாம். தக்காளி பறிக்கிற நேரம், வீட்ல எப்படி உடுவாங்க?"

நான் பையைத் திறந்து என் வளையல்களைக் காட்டினேன். இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் சேர்ந்தே வரிசையில் நிற்போம். அவள் கல் அடுத்த மாதம் ஒரு கிலோவானது, அதற்கும் அடுத்த மாதம் ஒன்றரை. அதற்கும் சிரித்தோம்.

அந்த ஒன்றரைக் கிலோ நாளில், எடை பார்த்து முடித்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். கல்லை எடுத்துத் தன் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டே கேட்டாள்: "உங்களுக்குக் கொழந்த எப்பிடிக்கா ஒதைக்குது?"

"ஒரு எடத்துல உக்கார விடாம ஒதைக்குது. உனக்கு?"

"எனக்கு எப்பவாச்சும் லேசா அசையும். நேத்து அதுவும் தெரியல."

சட்டென்று அவள் பக்கம் திரும்பினேன். அதற்குள் அவளை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். கதவோரம் நின்ற எனக்கு நர்ஸ் பேசுவது கேட்டது. "வயிறு சின்னதாத்தான் தெரியுது. ஆனா எடை நல்லா ஏறியிருக்கு, பரவால்ல."

உள்ளே போய்விட்டேன். என்னைப் பற்றிச் சொல்லாமல் அவளை மட்டும் காட்டிக்கொடுக்க வாய் வரவில்லை. "சிஸ்டர், நான் பட்டினி கெடந்து ஏமாத்திக்கிட்டு இருக்கன். இவ பையில எடைக்கல் இருக்குது. கொழந்த நேத்துலருந்து அசையலங்கறா" என்று ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன்.

நர்ஸ் திட்டவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது. அவளை மறுபடியும் எடை மெஷினில் ஏற்றினார். வயிற்றில் கருவி வைத்து வெகுநேரம் கேட்டார். குழந்தையின் துடிப்பு இருந்தது. ஆனாலும் உடனே ஆம்புலன்சுக்குச் சொன்னார். அதில் ஏறும்போது அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"உங்கள நம்பித்தானக்கா சொன்னன்."

அவள் போன் நம்பர்கூட என்னிடம் இல்லை. அன்றைக்கே எனக்கும் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துப் பரிசோதித்தார்கள். ரத்தத்தில் சர்க்கரை அதிகமாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு நேரத்துக்கு அளவாகச் சாப்பிட்டேன், சாயங்காலம் நடந்தேன், மாத்திரை போட்டேன். அம்மாவின் பலகாரங்களைக் கணவர் கம்பெனிக்கு எடுத்துப் போய்விடுவார். சுகப்பிரசவத்தில் மகள் பிறந்தாள். அவளைக் கையில் வாங்கிய நிமிஷம்கூட, ஆம்புலன்சில் போனவளின் குழந்தை என்ன ஆனதோ என்றுதான் மனம் கேட்டது.

தடுப்பூசி போடும் நாள் ஒன்றில் அந்தப் பெண்ணை மறுபடியும் பார்த்தேன். மடியில் ஒரு பையன், சின்னஞ்சிறு உடம்பு. குறைமாதத்தில் பிறந்து நிறைய நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்களாம். அவள் ஊர்க்காரப் பெண் ஒருத்தி சொல்லித்தான் தெரிந்தது. ஊசி போட்டதும் அவன் வீல் என்று கத்தினான். அதைக் கேட்டு என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவள் கொஞ்ச நேரம் தள்ளியே உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உங்க பாப்பா நல்லா பால் குடிக்குதாக்கா?"

"குடிக்குதும்மா. உன் பையன்?"

"இப்பதான் கொஞ்சம் தேறியிருக்கான்."

அந்த நாளைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. என்னை மன்னித்தாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் அவளைக் காட்டிக்கொடுத்ததை நினைத்து நான் ஒருநாளும் வருந்தியதில்லை. அதற்கு முந்தைய மாதங்களில் அவளோடு சேர்ந்து சிரித்தேனே, அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.