பியானோவில் மட்டும் மடங்கிய விரல்

முதலில் மடங்கியது வலது கையின் மோதிரவிரல். நிந்தவூரில் எங்கள் வீட்டுப் பின்னறையில், நோன்பு மாதத்தின் ஒரு பிற்பகலில், லுஹர் தொழுதுவிட்டு மின் பியானோவின் முன் அமர்ந்திருந்தேன். வேகமாக மேலேறும் ஒரு பகுதி. மற்ற விரல்கள் சொன்னதைக் கேட்டன. மோதிரவிரல் மட்டும் கட்டையைத் தொடுவதற்கு முன்பே உள்ளங்கையை நோக்கிச் சுருண்டது. வலி இல்லை. மரத்துப்போகவும் இல்லை.

நோன்புக் களைப்பு என்று நினைத்தேன்.

இதே நிலையில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நீங்கள் பியானோ வாசிப்பவராக இருக்க வேண்டியதில்லை. தைப்பவர்களுக்கும் நாள் முழுதும் எழுதுபவர்களுக்கும் இது வரும். கையில் வேறெந்தக் குறையும் இல்லாமல், ஒரே ஒரு வேலையில் மட்டும் விரல் முரண்டு பிடித்தால், நான் செய்ததைச் செய்யாதீர்கள். நான் இன்னும் அதிகமாகப் பயிற்சி செய்தேன்.

எனக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். வாப்பா வயல் செய்பவர். உம்மா குர்ஆன் ஓதுவார். வேறு எழுத்து வாசிக்கமாட்டார். புலமைப்பரிசில் பரீட்சை என்னைக் கொழும்பில் ஒரு பள்ளி விடுதிக்குக் கொண்டுபோனது. அங்கே பிரார்த்தனை மண்டபத்தின் மூலையில் ஒரு பியானோ இருந்தது. மற்றப் பிள்ளைகள் பால்பல் விழுமுன் தொடங்கியதை நான் காலம் தாழ்த்தித் தொடங்கினேன். அவர்கள் ஒருமுறை வாசித்தால் நான் விரல் நோகும்வரை வாசித்தேன். அப்படித்தான் வெளிநாட்டு இசைக் கல்லூரிக்குப் போனேன். அப்படித்தான் மேடையில் தனியாக அமர்ந்து வாசிக்கும் கலைஞர் ஆனேன். எங்கள் கிழக்குக் கரையிலிருந்து அந்த மேடைகளுக்கு எனக்கு முன் யாரும் போனதாக நான் கேள்விப்பட்டதில்லை. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

நான் வாசிப்பதை உம்மா பொறுத்துக்கொண்டாரே தவிர ஏற்கவில்லை. நோன்பு மாதத்தில் வீட்டுக்குள் இசை கூடாது என்று என்னிடம் வாக்கு வாங்கியிருந்தார். "காதுக்குள்ள மாட்டிக்கிட்டுக் கேப்பன் எண்டு செல்லாத புள்ள. காதுக்கும் நோன்புதான்," என்பார். அதனால் அந்த மாதத்தில் மின் பியானோவின் வயரைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டு, ஓசை இல்லாத கட்டைகளில் பயிற்சி செய்வேன். அந்த வருடம் பெருநாள் கழிந்ததும் கொழும்பில் ஒரு பெரிய வாத்தியக்குழுவோடு கச்சேரி இருந்தது. மாதம் முழுவதும் ஊமைக் கட்டைகளில் ஓடினேன். சத்தம் இருந்திருந்தால் பிசகை முதல் நாளே காது பிடித்திருக்கும். எனக்குத் தெரிந்ததெல்லாம் சுருளும் விரல் மட்டும். பலமாக அழுத்தினால் பணிந்துவிடும் என்று நம்பினேன்.

கொழும்பில் ஒத்திகையின்போது, குழுவை நடத்துபவர் கையை உயர்த்தி நிறுத்தினார். மறுபடி வாசிக்கச் சொன்னார். மறுபடியும் நிறுத்தினார். பிறகு அருகில் வந்து குனிந்து, ஓட்டத்தில் சில சுரங்கள் வரவேயில்லை, உங்களுக்குக் கேட்கவில்லையா என்று கேட்டார். வயலின்காரர்கள் தங்கள் தாள்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் முறை வாசித்தபோது எனக்கும் கேட்டது. அந்தக் கச்சேரியில் என் இடத்தில் வேறொருவர் வாசித்தார்.

கொழும்பிலேயே ஒரு நரம்பியல் மருத்துவரிடம் காட்டினேன்; யாழ்ப்பாணத்துப் பெண்மணி. நரம்புக் கடத்தல் சோதனை (சிறு மின்தூண்டல் கொடுத்து நரம்பு ஒழுங்காக வேலைசெய்கிறதா என்று பார்ப்பது) செய்தார். மூளையை ஸ்கேன் எடுத்தார். எதிலும் குறை தெரியவில்லை. மேசையில் விரல்களைத் தட்டச் சொன்னார்; தட்டினேன். பியானோக் கட்டைகள் கொண்ட ஒரு சிறிய விசைப்பலகையை எடுத்து முன்னால் வைத்தார். விரல் உடனே மடங்கியது.

அவர் சொன்ன பெயர் ஃபோகல் டிஸ்டோனியா (குறிப்பிட்ட ஒரு வேலையின்போது தசைகள் தாமாக முறுக்கிக்கொள்ளும் மூளைக் கோளாறு).

"கையில ஒரு பிழையும் இல்லை," என்றார், கூட வந்திருந்த வாப்பாவைப் பார்த்து. "ஒவ்வொரு விரலுக்கும் மூளையில தனித்தனி இடம் இருக்கு. அளவுக்கு மிஞ்சிப் பழகினதில ரெண்டு விரலின்ர இடமும் ஒண்டோட ஒண்டு கலந்துபோச்சு."

"வயல் வரம்பு ஒடஞ்ச மாதிரியா டொக்டர்? திருப்பிக் கட்டிரலாந்தானே?"

"கட்டிப் பாக்கலாம் ஐயா."

"பழையபடி மேடையில வாசிப்பாவா?"

"சில பேர் வாசிச்சிருக்கினம்," என்றார் மருத்துவர். சற்றுப் பொறுத்து, "கனபேர் வாசிக்கேல்லை," என்றார்.

ஊருக்குத் திரும்பி உம்மாவிடம் விளக்கினேன். என் கையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தேங்கா துருவக்க வருகுதா?"

"இல்ல உம்மா."

"தலை பின்னக்க?"

"இல்ல."

"குர்ஆன்ட பக்கம் பெரட்டக்க?"

"இல்ல."

"அதத் தொட்டா மட்டும் வருகுது. பள்ளிக்கூடம் போகாத எனக்கே வெளங்குது. படிச்ச ஒனக்கு வெளங்கல்லயாகா?"

"சும்மா இரிகா," என்றார் வாப்பா. "மூளையில கோளாறு எண்டு டொக்டர் சென்னா."

"மூளைய ஆரு படைச்ச?"

வாப்பா எழுந்து வயலுக்குப் போனார்.

அந்தக் கேள்வி என்னோடேயே இருந்தது. தொழுகையில் கைகட்டி நிற்கும்போது அந்த விரலையே பார்ப்பேன். மற்ற எல்லாவற்றுக்கும் இணங்கி, நான் உயிராக நினைத்த ஒன்றுக்கு மட்டும் மறுக்கும் விரல். நோய் என்றால் போராடலாம். அல்லாஹ்வின் தீர்ப்பு என்றால் பியானோவை விட்டு எழுந்து போய்விட வேண்டும். எது என்று தெரியாமலே சிகிச்சையைத் தொடங்கினேன்.

முன்கையில் பொட்டுலினம் ஊசி (தசையைச் சில மாதங்களுக்குத் தளர்த்தி வைக்கும் மருந்து) போட்டார்கள். மோதிரவிரல் சுருளவில்லை, ஆனால் பக்கத்துச் சின்னிவிரலும் சேர்ந்து துவண்டது. பிறகு மறுபயிற்சி. ஒரு கட்டையை அழுத்த வேண்டும். பொறுக்க வேண்டும். விரலை எடுக்க வேண்டும். சுருளப் போகிறது என்று தோன்றினால் கையையே எடுத்துவிட வேண்டும். நிறுத்துவதுதான் மருந்து. விடாமல் செய்தே முன்னேறிய எனக்கு அதைவிடக் கசப்பான மருந்து இருந்திருக்க முடியாது. ஆனாலும் மெல்ல மெல்லக் கை திரும்பியது. கொழும்பில் ஒரு சிறிய மண்டபத்தில், மிக நிதானமான ஒரு துண்டை வாசித்தேன். கேட்டவர்கள் நிதானம் அழகு என்றார்கள். என்னால் முடிந்த வேகமே அதுதான் என்று நான் சொல்லவில்லை.

அடுத்த ஊசிக்கு முன் ஊருக்கு வந்திருந்தேன். மத்தியானம். மூவரும் சோற்றுக்கு அமர்ந்திருந்தோம். மீன் ஆணத்தை ஊற்றிப் பிசைந்தேன். மோதிரவிரல் சோற்றோடு சேர்ந்து உள்ளங்கைக்குள் மடங்கியது. விரிக்கப் பார்த்தேன். விரியவில்லை.

உம்மா அகப்பையைச் சட்டியில் வைத்தார்.

"சோத்துக்கும் வந்திட்டா?"

"ஓம் உம்மா."

"சோறு ஹலால்தானே," என்றார் உம்மா. யாரிடம் கேட்டார் என்று தெரியவில்லை.

"நம்மட வயல்ட அரிசி," என்றார் வாப்பா. "எனக்குத் தெரிஞ்ச மட்டும் ஹலால்தான்."

எனக்கு அந்தக் கணம் சந்தோஷம் வந்தது என்பதை மறைக்காமல் எழுத வேண்டும். விரல் பியானோவை மட்டும் வெறுக்கவில்லை. அப்படியென்றால் இது நோய்தான். அதன் பிறகே பயம் வந்தது. வேறு வேலைகளுக்கும் பரவினால் உடனே வரச்சொல்லி மருத்துவர் சொல்லியிருந்தார்.

உம்மா எழுந்து கரண்டி கொண்டுவந்து என் தட்டருகே வைத்தார். "டொக்டர்ட்ட எப்ப போற? நானும் வாறன்."

கொழும்பில் உம்மா மருத்துவரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "வாசிச்சா நோய் கூடுமா?"

"மெதுவா வாசிச்சா நல்லது அம்மா. இனி எங்க போகும் எண்டு மட்டும் என்னால சொல்ல ஏலாது."

இப்போது அஸர் தொழுகை முடிந்ததும் உம்மாதான் என்னை விரட்டுகிறார். "போய் அந்த ஒத்தக் கட்டைய அமத்து புள்ள, போ." வயரையும் அவரே மாட்டிவிடுகிறார். பாட்டு என்று அவர் இன்னும் சொல்வதில்லை. கைக்கு மருந்து என்கிறார்.

முன்பு எனக்குக் காலம் என்பது அடுத்த கச்சேரி. அதற்கு இந்தப்பக்கம் உள்ளதெல்லாம் பயிற்சி. இன்று காலம் என்பது ஒரு கட்டை கீழே போவதற்கும் விரல் அதைவிட்டு எழுவதற்கும் நடுவே இருப்பது. அதற்குள் எல்லாம் நடந்துவிடுகிறது. கை என்னுடையது என்றும் இப்போது என்னால் முழுமனதோடு சொல்ல முடிவதில்லை. ஒரே வீட்டில் கோபித்துக்கொண்டு வாழும் உறவினரைப்போல அதன் முகத்தைப் பார்த்துத்தான் எதையும் கேட்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை, இடது கையின் மோதிரவிரல் கட்டையைவிட்டு எழத் தாமதித்தது. இமைக்கும் நேரம்தான். வலி இல்லை. அது உண்மையா, என் அச்சமா என்று தெரியவில்லை. இன்னொருமுறை வாசித்துப் பார் என்று உடம்பு முழுவதும் சொன்னது. நான் இன்று என்னவாக இருக்கிறேனோ அதெல்லாம் இன்னொருமுறை, இன்னொருமுறை என்று வாசித்தே வந்தது.

கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

ஓசை நின்றதும் உம்மா அறைக்குள் வந்தார். "ஏன் புள்ள நிப்பாட்டின?"

இடது கையை அவரிடம் நீட்டினேன்.