மூன்று ரவுட்டர்களும் அப்பாவின் மூச்சும்

அப்பா நுரையீரல் கெட்டுப் படுக்கையில் விழுந்த வருஷம்தான் எங்கள் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. பெருமாள்மலையில் எங்களுக்கு இருந்தது ஒரு அறையும் அடுப்படியும். ஜன்னலோரம் அப்பாவின் கட்டில். எதிர்ச்சுவரில் என் மேசை. அம்மா வெள்ளனே பேரிக்காய்த் தோட்டத்து வேலைக்குப் போனால் பொழுது சாயத்தான் திரும்புவாள். நான் கொடைக்கானலில் ஒரு பிரவுசிங் சென்டரில் அரைநாள் வேலை பார்த்துவிட்டு மத்தியான பஸ்ஸில் இறங்கிவிடுவேன். அதுவரை பக்கத்து வீட்டு அத்தை அப்பாவை எட்டிப் பார்த்துக்கொள்வார்.

சென்டருக்குப் புது மெஷின்கள் வந்தபோது பழைய ஒன்றை முதலாளி எனக்கே கொடுத்துவிட்டார். நெட்வொர்க் பரீட்சை எழுதி ஒரு நல்ல வேலைக்குப் போக வேண்டும் என்பது என் ஆசை. அதற்கு ரவுட்டரில் கை பழக வேண்டும். அலுவலகங்களில் தகவலுக்கு வழிகாட்டி அனுப்புகிற பெட்டி அது. மதுரைக்குப் போனால் சொல்லிக்கொடுக்க ஆள் உண்டு; அப்பாவை விட்டு எப்படிப் போவது? பெட்டியே இல்லாமல், அதற்குள் ஓடும் மென்பொருளை மட்டும் சாதாரணக் கம்ப்யூட்டரில் ஓட்டிக்காட்டும் புரோகிராம் ஒன்று அப்போது வந்திருந்தது. அதைத்தான் நம்பினேன்.

ஒரு ரவுட்டரை ஓட்டினாலே மெஷினின் காற்றாடி இரைய ஆரம்பித்தது. மூன்றை ஓட்டினால் அறையே அதிர்ந்தது. நான் அடித்த எழுத்து திரைக்கு வர நேரமானது.

"ஸ்டோர்ல கொழுந்து வாட்டுற காத்தாடி மாதிரியே இரையுது பிள்ள" என்றார் அப்பா. இலங்கைத் தோட்டத்தில், ஸ்டோர் என்று சொல்லப்படும் தேயிலை ஆலையில் இளவயதில் வேலை பார்த்தவர் அவர். "கண்ண மூடுனா அங்கயே நிக்கிறேன்."

"நிறுத்திரட்டுமாப்பா?"

"வேணாம். நீ படி."

சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக் கம்பளியைக் காதுவரை இழுத்துக்கொண்டார். அதன்பின் அவர் கண்ணயர்ந்தால் மெஷினை அணைத்துவிடுவேன். அவரோ மத்தியானம் முழுக்கக் கண்ணயர்ந்தபடியே இருப்பார். பரீட்சை நெருங்க நெருங்க எனக்குப் பயம் பிடித்தது.

சென்டரில் ஆளில்லாத நேரங்களில் இணையத்தில் தேடிப் படித்தேன். ரவுட்டர் வேலையில்லாமல் காத்திருந்தாலும் புரோகிராமுக்கு அது தெரியாது; கம்ப்யூட்டரின் முழுச் சக்தியையும் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மென்பொருள் எந்த இடத்தில் சும்மா சுற்றுகிறது என்பதை ஒரு எண்ணாகக் கொடுத்துவிட்டால் அங்கே வரும்போதெல்லாம் புரோகிராம் ஓய்ந்துகொள்ளும். அந்த எண்ணைக் கண்டுபிடிக்கவும் அதிலேயே ஒரு கட்டளை இருந்தது. அது தந்த எண்களை வீட்டில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். ஒன்றில் மாற்றமே இல்லை. இன்னொன்றில் ரவுட்டர் அப்படியே நின்றுபோனது. அதற்கடுத்ததைப் போட்டதும், திரையில் உச்சியில் ஓடிக்கொண்டிருந்த, மெஷினின் உழைப்பைக் காட்டும் கோடு சரிந்து தரையில் படுத்தது. மூன்று ரவுட்டர்களும் ஒரே மென்பொருளைப் பங்குபோட்டுக்கொள்ளும்படி அமைத்தேன். இருந்த சின்ன மெமரியே போதுமாகிவிட்டது. காற்றாடி அடங்கியது.

"என்னா, மெஷின் செத்துப்போச்சா?" என்றார் அப்பா.

"இல்லப்பா, மூணும் ஓடுது. வேலையில்லாதப்ப ஓஞ்சு இருக்கச் சொல்லிட்டேன்."

"நல்ல காரியம் செஞ்ச" என்றவர், அன்று அம்மா வரும்வரை தூங்கினார்.

இரைச்சல் போனபின் அவருடைய மூச்சு கேட்க ஆரம்பித்தது. இழுக்கும்போது ஒரு கீச்சு, விடும்போது ஒரு கரகரப்பு. முதல் சில நாள் என்னால் தாங்க முடியவில்லை. பழைய இரைச்சலே பரவாயில்லை என்றுகூட நினைத்தேன். போகப் போக அதைக் கேட்டபடியே வேலை செய்யப் பழகிவிட்டேன்.

ஐப்பசி மழையில் ஒரு மத்தியானம். மூன்று ரவுட்டர்களில் ஒரு இணைப்பைத் துண்டித்துவிட்டு, தகவல் மாற்றுவழியில் போகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் மூச்சுச் சத்தம் மாறியது. இழுப்பு வந்தது, நின்றது, வெகுநேரம் கழித்து மறுபடி வந்தது. திரும்பினால் அப்பாவின் உதடு நீலம் பூத்திருந்தது.

முக்குக்கு ஓடினேன். கடையில் டீ குடித்துக்கொண்டிருந்த ஜீப்காரரிடம், "அண்ணே, அப்பாவுக்கு மூச்சு வரலண்ணே, வெரசா வாங்க" என்றேன். கிளாஸை வைத்துவிட்டு என்னோடு ஓடி வந்தார். இருவரும் அப்பாவைத் தூக்கி ஜீப்பில் கிடத்தினோம். கொடைக்கானல் போய்ச் சேரும்வரை அவர் தலை என் மடியில் இருந்தது.

"இன்னும் கொஞ்சம் லேட்டாகியிருந்தா ஒண்ணுமே செஞ்சிருக்க முடியாதும்மா" என்றார் டாக்டர்.

ஆக்சிஜனில் அப்பா இன்னும் சில நாள் இருந்தார். அம்மா வேலைக்குப் போகவில்லை. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து பகல் வேளையில் அவர்கள் இருவரும் சேர்ந்து சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அப்பா முகமூடியை விலக்கி விலக்கி ஏதோ சொல்வார். அம்மா குனிந்து கேட்பாள். இலங்கையை விட்டு இங்கே வரத் தலைமன்னாரில் கப்பலேறிய நாளைப் பற்றி என்று பிறகு சொன்னாள். ஒரு தடவை இருவரும் சிரித்தார்கள். அப்படி இருந்த நாட்களிலேயே ஒரு காலையில், அம்மா கையைப் பிடித்திருக்கையில் அவர் போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்தபின்தான் மெஷினைத் தொட்டேன். பரீட்சையில் தேறினேன். கோயம்புத்தூரில் வேலை கிடைத்தது. அம்மா மலையை விட்டு வர மறுத்துவிட்டாள்.

கோயம்புத்தூர் அலுவலகத்தில்தான் நிஜ ரவுட்டரை முதலில் கையில் வாங்கினேன். அவ்வளவு கனமாக இருக்கும் என்று நினைக்கவில்லை. இரும்புச் சட்டத்தில் பூட்டி, கட்டளைகளை ஒரே மூச்சில் அடித்து முடித்தேன்.

"முன்னாடி எந்தக் கம்பெனியில பழகுனீங்க?" என்று கேட்டார் கூட வேலை பார்த்தவர்.

"வீட்டுலதாங்க" என்றேன். அடுத்த கேபிளை எடுத்துச் சொருகினேன்.