காரைக்காலில் இறாலுக்கு வெள்ளை ஒயின் தேடிப் போன கதை

ஆனி மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், காலை ஒன்பது மணிக்குத் தஞ்சாவூரிலிருந்து காரில் கிளம்பினோம். என் மனைவி மீனாவின் கல்லூரித் தோழி கலைச்செல்வி காரைக்காலில் பேராசிரியை. விருந்துக்கு அழைத்திருந்தார். சமையல் அவர் பொறுப்பு. இறாலும் அதற்கேற்ற வெள்ளை ஒயினும் என் பொறுப்பு.

மயிலாடுதுறை வழியாக 120 கிலோமீட்டர். தரங்கம்பாடிக்கு முன்பே ஒரு இறால் பண்ணை வாசலில் இரண்டு கிலோ இறால் வாங்கினேன், கிலோ 350 ரூபாய். குளம் அழகாக இருந்ததால் படமும் எடுத்துக்கொண்டேன்.

காரைக்கால் கடையில் மூன்று வகை வெள்ளை ஒயின் இருந்தது. புளிப்பு தூக்கலான சாவிஞான் பிளாங்க்கைத்தான் எடுத்தேன். கடைக்காரர் தடுத்தார்.

“இறாலை எப்படி வைக்கப் போறீங்க?”

“தேங்காய்ப்பால் ஊத்தி, காரமா.”

“அப்ப இது வேணாங்க. காரத்தோட சேர்ந்தா நாக்கு எரியும். லேசா இனிப்பு இருக்கற செனின் பிளாங்க் எடுங்க. ரெண்டு மணி நேரம் ஃபிரிட்ஜ்ல வைங்க.”

விலை 850. காரைக்காலில் வாங்கியதைத் தமிழ்நாட்டு எல்லைக்குள் கொண்டுவரக் கூடாது. அங்கேயே தங்குபவர்கள் மட்டும் வாங்குங்கள்.

மாலை குழம்பு கொதிக்கும்போது, எங்கே வாங்கினேன் என்று பெருமையாகப் படத்தைக் காட்டினேன். கலைச்செல்வி அதைப் பெரிதாக்கிப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

“அந்த மோட்டார் கொட்டகை எங்களுதுங்க. இது எங்க வயல்.”

பண்ணையாரிடம் கூலிவேலை பார்த்த அவர் அப்பா, பல ஆண்டுகள் போராடிப் பட்டா வாங்கிய ஒன்றரை ஏக்கர் அது. அவருக்குப் பின் கலைச்செல்வி பெயரில் இருக்கிறது. நெல் போட்டிருப்பதாகத்தான் ஊரிலிருக்கும் தம்பி சொல்லி வந்திருக்கிறார்.

உடனே தம்பியை அழைத்தார்.

“இறால் பண்ணைக்காரங்களுக்கு மூணு வருஷக் குத்தகைதான்க்கா. நெல்லுல என்ன கெடைக்குது?”

“எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியாடா? அந்த மண்ணுல உப்புத் தண்ணிய ஏத்திட்டியே.”

அடுப்பை அணைத்தார். யாரும் இறாலைத் தொடவில்லை. தயிர்சாதம் சாப்பிட்டோம். திறக்காத ஒயின் வீணாகிறதே என்று அந்த நேரத்திலும் எனக்கு ஒரு நினைப்பு வந்தது. வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலை ஏழு மணிக்குக் கலைச்செல்வியை அங்கே கூட்டிப்போனேன். வரப்பில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. பக்கத்து வயல்காரப் பெண் தன் போர் தண்ணீரை ஒரு செம்பில் கொண்டுவந்து கொடுத்தார்.

“குடிச்சுப் பாரு கலை. உன் குளத்தாலதான் இப்படி ஆச்சு.”

ஒரு வாய் வைத்ததும் கலைச்செல்வி துப்பிவிட்டார். அந்தப் பெண்ணின் முகத்தை அவரால் பார்க்க முடியவில்லை. அங்கிருந்து நேராக வட்டாட்சியர் அலுவலகம் போய், குளத்தை மூடச் சொல்லி மனு கொடுத்தார்.

இந்தப் பக்கம் வருபவர்களுக்கு: காரமான கடலுணவுக்குக் கடைக்காரர் சொன்ன ஒயினையே எடுங்கள். இறாலைப் பண்ணை வாசலில் வாங்காமல் படகுத்துறையில் கடல் இறாலாகக் கேட்டு வாங்குங்கள். காலை எட்டு மணிக்குள் போனால் கிடைக்கும்.

போன வாரம் கலைச்செல்வி பேசினார். குளத்தை வடித்துவிட்டார்கள். நல்ல மழை இரண்டு மூன்று வருஷம் பெய்து உப்பைக் கழுவினால் நெல் வருமாம்.

“மண்ணு தேறிடுங்க,” என்றார். “தம்பிதான் இன்னும் எங்கிட்டப் பேசல.”